மண் வீடு கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, மேற்குச் சுவர் எது?

தாழ்வாரம் (திருச்சி)

வணக்கம். 16 வருடமாக வீடுகளுக்கு வரைபடம் போட்டு, பக்கத்தில் நின்று கட்டிக் கொடுக்கிறேன். இப்போதெல்லாம் வருகிறவர்களில் பாதிப் பேர் கைப்பேசியை நீட்டி ஒரே படத்தைத்தான் காட்டுகிறார்கள். பூசாத செங்கல் சுவர், ஆத்தங்குடிக் கல் தரை, நடுவில் முற்றம், முற்றத்தில் ஒரு வாழை. "இந்த மாதிரி இயற்கை வீடு வேணும் மேடம்."

போன மாதம் வந்த தம்பதிக்கு 30க்கு 40 மனை, மேற்குப் பார்த்தது. சுவர் மண் கல்லில் இருக்க வேண்டும், ஏசி கூடாது, சாலைப் பக்கம் எலிவேஷனுக்காக, அதாவது முகப்பு அழகுக்காக, தரையிலிருந்து மேல்வரை கண்ணாடி வேண்டும். மூன்றும் ஒரே வீட்டில் நடக்காது என்றேன். முகம் வாடிவிட்டது.

கணக்கு ஒன்றும் பெரிதில்லை. பங்குனி மாதத்தில் திருச்சியில் மாலை நாலேகால் மணிக்குச் சூரியன் ஏறக்குறைய 30 பாகை உயரத்தில், கிட்டத்தட்ட நேர் மேற்கே நிற்கிறது. 2 அடி சன்ஷேடு போட்டாலும் ஜன்னலின் மேல் ஓர் அடிதான் மறையும். மீதி வெயில் சோபாவில் வந்து உட்காரும். அந்தப் பக்கம் சுவர் மண்ணா, சிமெண்ட் கல்லா என்பதெல்லாம் அதற்கப்புறம் வரும் பேச்சு.

தெற்குச் சுவர் அப்படியில்லை. மார்கழியில்தான் வெயில் அதிகம் சாய்கிறது. அப்போதும் உச்சி வேளையில் அதே 2 அடி சன்ஷேடு 3 அடி வரை நிழல் தரும். கத்திரி வெயிலில் நம் ஊர் உச்சிச் சூரியன் தலைக்கு மேலே சற்று வடக்கே சாய்ந்து போகிறது. ஏப்ரல் மூன்றாம் வாரம் முதல் ஆகஸ்ட் கடைசி வாரம் வரை அப்படித்தான். குளிர் நாட்டுப் பாடப்புத்தகத்தை நம்பி, வடக்கு ஜன்னலுக்கு நிழலே தேவையில்லை என்று விட்ட வீடுகளை மே மாதம் போய்ப் பாருங்கள்.

என் வரிசை இதுதான்: வெயில் எங்கே விழுகிறது, காற்று எங்கிருந்து வருகிறது, உண்மையில் எத்தனை சதுரடி தேவை. எதில் கட்டுவது என்பது நாலாவது கேள்வி. வருகிறவர்கள் நாலாவதைத்தான் முதலில் கேட்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ரசமட்டம் (சேலம்)

நான் சிவில் இன்ஜினியர். மேடம் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் இந்த 'இயற்கை வீடு' பேச்சில் யாரும் செலவைச் சொல்வதில்லை. சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த ஆளை இரண்டு மாவட்டம் தாண்டிக் கூட்டி வர வேண்டும். அவருக்குத் தங்க இடம், சாப்பாடு, கூலி எல்லாம் சேர்த்தால் சாதாரணப் பூச்சைப் போல இரண்டு மடங்கு ஆகிறது. இதில் சிக்கனம் எங்கே இருக்கிறது?

லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞரைச் சொல்வார்கள். அவர் கட்டியது பெரும்பாலும் கேரளத்தில், அந்த ஊர் மழைக்கும் அந்த ஊர் ஆட்களுக்கும் ஏற்றபடி. திருவனந்தபுரத்தில் ஜாலிச் சுவரில், அதாவது இடையிடையே துளை விட்டுக் கட்டும் சுவரில், காற்று மட்டும் வரும். சேலத்தில் காற்று, புழுதி, கொசு மூன்றும் வரும். ஏஏசி பிளாக் (உள்ளே காற்றுக் குமிழ்கள் கொண்ட சிமெண்ட் கல்) போட்டுவிட்டுப் போகலாம். எடை குறைவு, வெப்பத்தை அதிகம் கடத்தாது, வேலை சீக்கிரம் முடியும்.

தாழ்வாரம் (திருச்சி)

ரசமட்டம் சார், பேக்கரைப் படம் எடுத்து ஒட்டக் கூடாது என்பதில் நானும் உங்கள் கட்சி. ஆனால் அவரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஜாலி இல்லை. 1917இல் பர்மிங்ஹாமில் பிறந்த மனிதர், இங்கே வந்து கொத்தனார்களோடு மனையிலேயே நின்று, வரைபடத்தை அங்கேயே திருத்தி, 2007இல் இறக்கும் வரை "இது தேவையா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். திருவனந்தபுரம் தம்பானூரில் அவர் கட்டிய காபி ஹவுஸ் முழுக்கச் சுற்றிச் சுற்றி ஏறும் ஒரே சரிவுப் பாதை. மேசையும் பெஞ்சும் கட்டடத்தோடு கட்டடமாக வருகின்றன. குறுகலான இடத்துக்கு அவர் கண்ட வழி அது. அதைக் கொண்டுவந்து சேலத்தில் வைத்தால் வேடிக்கையாகத்தான் இருக்கும்.

செலவு விஷயத்தில் ஒன்று. அந்தத் தம்பதி 1,800 சதுரடி கேட்டு வந்தார்கள். பேசிப் பேசி 1,250இல் நிற்கிறோம். வருடத்தில் நாலு நாள் வரும் விருந்தாளிக்கு ஓர் அறை, அதற்கு ஒரு குளியலறை, யாரும் உட்காராத ஒரு ஃபார்மல் லிவிங். இவை போனதால் மிச்சமான சிமெண்டை எந்த மண் கல்லும் மிச்சப்படுத்தித் தராது. சிமெண்டுக்குச் சுண்ணாம்புக் கல்லை 1,450 பாகை செல்சியஸ் வரை சுடுகிறார்கள். எரிபொருள் புகை ஒரு பக்கம் இருக்க, அந்தக் கல்லுக்குள்ளிருந்தே கரியமில வாயு வெளியேறுகிறது. ஆகவே கட்டாமல் விட்ட அறைதான் எனக்குப் பெரிய லாபம்.

ஏஏசி பிளாக்கை நானும் போடுகிறேன், முக்கியமாக மேற்குச் சுவருக்கு. ஆனால் ஆணி அடித்தால் நிற்காது, தண்ணீரை உறிஞ்சும், பூச்சு சரியில்லையென்றால் வெடிக்கும். அதை மட்டும் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

மேஸ்திரி மகன் (விழுப்புரம்)

எங்கப்பா ஆரோவில் பக்கம் மண் கல் வேலையில் இருந்தவர். லீவு நாளில் நானும் மெஷின் அழுத்தியிருக்கிறேன். அதனால் இங்கே கொஞ்சம் எழுத எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

மண் கல் என்றால் சும்மா மண்ணைக் குழைத்து வைப்பது இல்லை. மேல் மண்ணை எடுத்து ஓரமாகக் கொட்டிவிட வேண்டும், அது தோட்டத்துக்கு. அதற்குக் கீழே இருக்கும் மண்ணைச் சலித்து, 100க்கு 5 பங்கு சிமெண்ட் கலந்து, உருண்டை பிடித்தால் நிற்கிற அளவு மட்டும் ஈரம் விட்டு, மெஷினில் போட்டு அழுத்த வேண்டும். சூளை கிடையாது, விறகு கிடையாது. ஆனால் 4 வாரம் ஈரம் காயாமல் மூடி வைத்துத் தண்ணீர் தெளிக்க வேண்டும். இந்த 4 வாரம்தான் எல்லாரும் ஏமாற்றுகிற இடம். 10 நாளில் எடுத்துக் கட்டிவிட்டு, ரெண்டாவது மழையில் கல் உதிர்ந்ததும் "மண்ணுன்னா இப்படித்தான்" என்று சொல்லிவிடுவார்கள்.

ஆரோவில்லில் பார்வையாளர் மையம் முழுக்க இந்தக் கல்தான். 1992இல் அதற்குக் கட்டடக் கலைக்கான ஹசன் ஃபாத்தி விருது கிடைத்தது. இன்றைக்கும் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்க்கலாம். அங்கேயுள்ள எர்த் இன்ஸ்டிடியூட்டில் கொத்தனார்களுக்கும் பயிற்சி தருகிறார்கள். ரசமட்டம் சார், ஆள் இல்லை என்பது உண்மை. வேலை கொடுத்தால்தானே ஆள் வருவான்?

அப்புறம் ரேட்-ட்ராப் பாண்ட். அப்பா அதை எலிப்பொறிக் கட்டு என்பார். செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டுவது. 9 அங்குலச் சுவர்தான், நடுவில் 3 அங்குலப் பொந்து. நூற்றுக்கு 25 செங்கல் மிச்சம், பொந்தில் இருக்கும் காற்று சூட்டையும் தடுக்கும். ஆனால் கல் அளவு சீராக இல்லையென்றால் கொத்தனார் நம்மைத் திட்டிக்கொண்டே கட்டுவார். எலக்ட்ரிக் பைப் எங்கே போகிறது என்று முன்னாலேயே முடிவு செய்துவிட வேண்டும். கட்டி முடித்த பிறகு எலக்ட்ரீசியன் வந்து கட்டரைப் போட்டால் சுவர் போச்சு.

கரிசல்காட்டான் (கோவில்பட்டி)

அண்ணே, உங்களைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். தாத்தா காலத்து வீடு இருந்த இடத்திலேயே கட்டப் போகிறேன். மனையில் எடுக்கும் மண்ணிலேயே கல் அறுக்கலாம் என்று ஆசை. ஆனால் எங்கள் மண் கரிசல். வெயில் காலத்தில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், மழையில் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். ஆகுமா?

இன்னொரு வேதனையும் உண்டு. சீமை ஓடு வேய்ந்த வீடு என்று வங்கிக் கடனுக்குப் போனேன். மதிப்பீட்டாளர் வந்து பார்த்துவிட்டு, "ரூஃபிங் காங்கிரீட்டா இருந்தா பேசலாம், ஓடுன்னா கஷ்டம்" என்று போய்விட்டார். அதே ஊரில் 80 வருட ஓட்டு வீடு நிற்கிறது. 15 வருடக் காங்கிரீட் வீட்டில் கம்பி துருப்பிடித்துத் தளம் பெயர்கிறது. என்ன கணக்கோ.

மேஸ்திரி மகன் (விழுப்புரம்)

கரிசல் தனியாக ஆகாது தம்பி. களி அதிகம். ஒரு கண்ணாடி பாட்டிலில் மண்ணைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி ஒரு நாள் வை. அடியில் மணல், மேலே வண்டல், அதற்கு மேலே களி என்று அடுக்கடுக்காகத் தெரியும். பாதிக்கு மேல் களியாக இருந்தால் விட்டுவிடு. அதற்குக் குறைவென்றால் மணல் கலந்து சரிபண்ணலாம், சிமெண்டுக்குப் பதில் சுண்ணாம்பும் போடலாம். ஆனால் மணலை வெளியூரிலிருந்து லாரியில் கொண்டுவர வேண்டுமென்றால் பக்கத்துச் சூளைச் செங்கல்லே மேல். அஸ்திவாரத்தைக் கண்டிப்பாக இன்ஜினியரிடம் காட்டு. கரிசலில் விளையாடக் கூடாது.

தாழ்வாரம் (திருச்சி)

மேஸ்திரி மகன் சொன்னதுக்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஓட்டுக் கூரைக்கு வங்கி தயங்கினால் ஃபில்லர் ஸ்லாப் பற்றி யோசியுங்கள். தளத்தின் அடிப்பகுதியில் காங்கிரீட் பெரிதாகச் சுமை தாங்குவதில்லை. அங்கே இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். அந்த இடத்தில் கம்பிக் கட்டங்களுக்கு நடுவே சீமை ஓடுகளை வைத்துக் காங்கிரீட் கொட்டுவது. சிமெண்ட் குறையும், தளத்தின் எடை குறையும், கீழிருந்து பார்த்தால் ஓடு தெரியும். காகிதத்தில் அது காங்கிரீட் தளம்தான், மதிப்பீட்டாளரும் மறுக்க வழியில்லை. பழைய ஓடுகளை இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்தால் நடுவில் காற்றும் நிற்கும். தாத்தா வீட்டு ஓடு இருக்கிறதல்லவா, அதையே போடலாம்.

புதுமனை (நாமக்கல்)

மேடம், ஒரு சந்தேகங்க. மேற்கு வெயிலைத் தடுக்க நீங்க அந்தப் பக்கம் குளியலறை, மாடிப்படி, ஸ்டோர் வைக்கச் சொல்வீங்க. எங்கள் வீட்டில் மாமனார் மனையடி பார்த்துத்தான் எல்லாம் செய்வார். தென்மேற்குக் கன்னி மூலையில் பெரிய பெட்ரூம் வந்தே ஆக வேண்டுமாம். கழிப்பறை அங்கே வரவே கூடாதாம். அவரை எதிர்த்துப் பேச முடியாதுங்க. என்ன செய்யட்டும்?

தாழ்வாரம் (திருச்சி)

எதிர்க்கவே வேண்டாம். இந்தக் கேள்வி வாரம் ஒருமுறை வருகிறது, என் மேசையில் இதற்கென்றே ஒரு வரைபடம் தயாராக இருக்கிறது.

கன்னி மூலை அறைதான் வீட்டிலேயே அதிகம் சுடும் அறை. மதியம் 2 மணியிலிருந்து சுவர் வெயில் குடிக்கும். நாம் படுக்கப் போகும்போதுதான் அந்தச் சூடு சுவரைக் கடந்து உள்ளே வந்து சேரும். பெட்ரூம் அங்கேயே இருக்கட்டும். மேற்குச் சுவர் நெடுக 2 அடி ஆழத்துக்கு அலமாரி கட்டிவிடுங்கள், மேலே லாஃப்ட். துணிமணி, பாத்திரம், கல்யாணப் பட்டு எல்லாம் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளட்டும். ஜன்னலைத் தெற்கே வையுங்கள். வெளியே மேற்கில் இடம் இருந்தால் ஒரு புங்கை. மூன்று நாலு வருடத்தில் சுவருக்கு நிழல் வந்துவிடும். கனத்தை மூலையில் வைக்கச் சொன்ன சாஸ்திரத்துக்கும் இது பொருந்தும் என்று மாமனாரிடம் சொல்லுங்கள், நான் சொன்னதாக வேண்டாம்.

ஒரே சிக்கல், ஆடி மாதம். எங்கள் பக்கம் ஆடிக் காற்று மேற்கிலிருந்து வருகிறது. மேற்கை முழுக்க அடைத்தால் அந்தக் காற்று போய்விடும். அதற்குத்தான் ஹாலிலாவது மேற்கே ஒரு சின்னத் தாழ்வாரம் விட்டு, அதன் வெளிப்பக்கம் செங்கல் ஜாலி, உள்பக்கம் கொசுவலைக் கதவு என்று வைக்கிறேன். (ரசமட்டம் சார், கொசுவுக்கு வலை போட்டாச்சு. புழுதிக்குத் துடைப்பம்தான்.) சென்னைக்காரர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே மதியத்துக்கு மேல் கடல் காற்று கிழக்கே இருந்து வரும்.

பனங்கூடல் (யாழ்ப்பாணம்)

தொடக்கத்தில் அக்கா முற்றத்தைப் பற்றிச் சற்றுக் கேலியாக எழுதியது போல் பட்டது. எங்கள் ஊர் நாற்சார் வீட்டில் வளர்ந்தவன் நான். நாலு பக்கமும் தாழ்வாரம், நடுவில் திறந்த முற்றம், பனஞ்சலாகைக் கூரை. மழை பெய்தால் நாலு பக்கத்துத் தண்ணீரும் முற்றத்துக்குள் கொட்டும், அம்மம்மா கிடாரம் வைத்துப் பிடிப்பார். மின்விசிறி இல்லாத காலத்தில் பகலில் அந்தத் தாழ்வாரத்தில்தான் படுக்கை.

எங்கள் நாட்டுக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் ஏனா டி சில்வாவுக்குக் கட்டிய வீட்டில் நகரத்து மனைக்குள்ளேயே முற்றத்தைக் கொண்டுவந்தார். பிற்காலத்தில் அந்த வீட்டைக் கல் கல்லாகப் பிரித்து, பாவாவின் தோட்டமான லுணுகங்கைக்குக் கொண்டுபோய் மறுபடி கட்டினார்கள். ஒரு முற்றத்து வீட்டுக்கு அந்த அளவு மதிப்பு இருந்தது. சின்ன மனைக்கும் அது பொருந்தும் என்பதே என் எண்ணம்.

தாழ்வாரம் (திருச்சி)

தம்பி, கேலி முற்றத்தின் மேல் இல்லை. என் மேலேயேதான். இதை நான் எங்கும் எழுதியதில்லை, இப்போது எழுதிவிடுகிறேன்.

தொழிலுக்கு வந்த புதிதில் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு வீடு கட்டினேன். 8க்கு 8 முற்றம். குடிபோகும் முன்பே வீட்டுக்காரர் அம்மா பயந்தார். திருடன் வருவான், மழை வரும், குரங்கு வரும். சரி என்று மேலே கம்பி போட்டு, அதன் மேல் கண்ணாடித் தகடு போட்டு மூடினேன். வெளிச்சம் அப்படியே இருக்கும், மழை வராது, எல்லாருக்கும் சந்தோஷம். மே மாதம் போன் வந்தது. போய்ப் பார்த்தால் முற்றத்துக்குள் நிற்கவே முடியவில்லை. வெயில் உள்ளே வருகிறது, சூடான காற்று மேலே ஏறுகிறது, வெளியேற வழியில்லை. முற்றம் வேலை செய்வதே அந்தச் சூடு மேலே போய்விடுவதால்தான். நான் அதன் வாயை மூடிவிட்டேன். வடாம் காயப் போட வசதியாக இருக்கிறது என்று அந்த அம்மா சொன்னபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பிறகு தகட்டை ஒன்றரை அடி உயர்த்தி, நாலு பக்கமும் வலையடித்து, மேற்குப் பாதிக்கு ஓடு போட்டேன். ஓரளவு சரியானது. செலவு என் கையிலிருந்து. இப்போது திறந்த முற்றமாக விட மனமில்லாதவர்களுக்கு நான் முற்றமே போடுவதில்லை. மாடிப்படி உச்சியில் காற்றுப் போக்கி வைத்தால் அதே வேலையைச் செய்கிறது.

ரசமட்டம் (சேலம்)

இப்படி வெளிப்படையாகத் தன் தவறை எழுதுகிற ஆர்க்கிடெக்டை இப்போதுதான் பார்க்கிறேன். என் பங்குக்கு ஒன்று. 2018இல் வந்த ஈகோ நிவாஸ் சம்ஹிதா, குடியிருப்புகளுக்கான மத்திய அரசின் எரிசக்தி விதித்தொகுப்பு, கூரை வழியே வெப்பம் கடப்பதற்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது. வெறும் காங்கிரீட் தளம் அந்த வரம்புக்குள் வரவே வராது. நான் கையெழுத்துப் போட்ட எத்தனை வீடுகளில் வெறும் தளம் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணியதை இங்கே எழுதப் போவதில்லை.

முன்பெல்லாம் தளத்துக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்துப் போட்டு, மேலே தட்டோடு பதிப்பது வழக்கம். அதை நிறுத்தியது நாங்கள்தான். கட்டுநர் செலவைக் குறைத்தார், நாங்கள் தலையாட்டினோம்.

வாடகைவீடு (சென்னை, பெரம்பூர்)

எல்லாரும் வீடு கட்டுகிறவர்களாகவே இருக்கிறீர்கள். நான் மூன்றாவது மாடியில், மொட்டைமாடிக்கு நேர் கீழே குடியிருக்கிறேன். வாடகை. ராத்திரி 11 மணிக்கு ஃபேன் போட்டால் அடுப்புக் காற்று இறங்குகிறது. சுவரை இடிக்க முடியாது, மரம் நட முடியாது. எனக்கு ஏதாவது உண்டா?

தாழ்வாரம் (திருச்சி)

உங்களுக்குத்தான் முதலில் பதில் சொல்லியிருக்க வேண்டும். நம் ஊரில் சூரியன் தலைக்கு மேலே போகிறது என்றால் அதிக வெயில் வாங்குவது சுவர் இல்லை, மொட்டைமாடிதான். பகலெல்லாம் காங்கிரீட் குடித்த சூட்டை ராத்திரி உங்கள் மேல் விடுகிறது.

வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு வெள்ளையடித்துவிடுங்கள். மாசி முடிவதற்குள் செய்ய வேண்டும். மாடியைத் தேய்த்துக் கழுவிப் பாசி போக்குங்கள். விரிசல் இருந்தால் முதலில் அடையுங்கள். கற்சுண்ணாம்பை முதல் நாளே நீர்த்து, வடிகட்டி, கொஞ்சம் வெள்ளை சிமெண்டும் பசையும் கலந்து, காலையில் வெயில் ஏறுவதற்கு முன் இரண்டு பூச்சு. கூலிங் பெயிண்ட் என்று கடையில் விற்பதும் நல்லதுதான். அது நாளாக நிற்கும், விலை கூடுதல். சுண்ணாம்பு ஒரு மழைக் காலத்தில் பாதி போய்விடும், அடுத்த வருடம் மறுபடி அடிக்க வேண்டும்.

கழுவும்போது மழைநீர்க் குழாய் வாயையும் பாருங்கள். 2003இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். சென்னையில் வருடத்துக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை. 1,000 சதுரடி மாடியில் மட்டும் 1.3 லட்சம் லிட்டர் விழுகிறது. அந்தக் குழாய் குழிக்குப் போகிறதா, தெருவுக்குப் போகிறதா என்று எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? சுண்ணாம்புத் தண்ணீர் மட்டும் குழிக்குப் போகாமல் அன்றைக்கு வாயை அடைத்து வையுங்கள்.

வாடகைவீடு (சென்னை, பெரம்பூர்)

நாலு வாரம் கழித்து வருகிறேன். அடித்தாச்சு. வீட்டுக்காரர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, "நீ காலி பண்ணும்போது கறுப்பாக்கிட்டுப் போவியா" என்று கேட்டார். சுண்ணாம்புக் காசு நான் தருகிறேன் என்றதும் சரி என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் தம்பியும் இரண்டு பூச்சு அடித்தோம். கண் கூசுகிறது என்று எதிர் வீட்டு மாடிக்காரர் சண்டைக்கு வந்தார், அது தனிக் கதை.

முன்பு மூன்று மணிக்குத் துணி எடுக்க மாடிக்கு ஓடித்தான் போவோம். இப்போது வெறுங்காலில் நிற்க முடிகிறது. ராத்திரி ஃபேன் காற்று குளிர்ச்சி என்று சொல்ல மாட்டேன், அடுப்புக் காற்று இல்லை. ஏசி வாங்கும் பேச்சை இந்த வருடம் தள்ளிப்போட்டிருக்கிறோம்.

ஒன்று மட்டும் பாக்கி. மாடியில் கறுப்பு பிளாஸ்டிக் டேங்க். குழாயைத் திறந்தால் மதியம் கொதிக்கிற தண்ணீர் வருகிறது. அதற்கும் வெள்ளையடிக்கலாமா?

மேஸ்திரி மகன் (விழுப்புரம்)

பிளாஸ்டிக்கில் சுண்ணாம்பு ஒட்டாது தம்பி, உரிந்து வரும். நாலு சவுக்குக் கம்பு, ரெண்டு கீற்று. மேற்குப் பக்கம் மட்டும் இன்னொரு கீற்று தொங்கவிடு. கம்பை டேங்க் பைப்பில் கட்டாதே.